தொட்டிக்கு நடுவே நீ இறக்கிய கண்ணாடி

வேங்கிக்காலில் என் மகன் கட்டும் வீட்டுக்கு ஜன்னல் கண்ணாடி பொருத்துகிறார்கள். இப்போதெல்லாம் குழாயிலிருந்து பிதுக்கி ஒட்டிவிட்டுப் போகிறவர்கள்தான் அதிகம். இன்று வந்தவர் வயதானவர். வெள்ளைப் பொடியில் ஆளிவிதை எண்ணெய் விட்டுப் பிசைந்த லப்பத்தை வீட்டிலிருந்தே கொண்டுவந்திருந்தார். அந்த வாசனை மூக்கில் ஏறியதும், வேலையை மேற்பார்வையிடப் போன நான் செங்கல் அடுக்கின் மேல் உட்கார்ந்துவிட்டேன். நீ கண்ணை மூடி ஒரு மாதம் ஆகிறது. எனக்கும் உனக்கும் பேச்சு இன்னும் முடியவில்லை.

ஆயிரத்துத் தொள்ளாயிரத்து ஐம்பதுகளின் கடைசியில் நான் கோயிலுக்குப் பக்கத்தில் சாமி படங்களுக்குச் சட்டம் போடும் கடை வைத்திருந்தேன். நீ மெட்ராஸ் பஸ்ஸில் கண்டக்டர். ஒருநாள் காக்கிச் சட்டையோடு கடைக்குள் வந்து, வாய் அகன்ற புட்டி ஒன்றைப் பலகை மேல் வைத்தாய். உள்ளே தட்டையாக, நீளத் துடுப்போடு இரண்டு மீன்கள்.

"இன்னாடா இது, காத்தாடிக்கு உசுரு வந்தாப்பல இருக்குது?"

"ஏஞ்சலாம். மூர் மார்க்கெட்ல வாங்கினேன். வழி பூரா மடியில வச்சினே வந்தேன். ஒரு கெழவி, மீனுக்கு டிக்கெட் போட்டியான்னு கேக்குது."

ஆங்கிள் இரும்பில் சட்டம் அடித்து, கடைக் கண்ணாடியை அறுத்து, லப்பம் வைத்து நான்கடி நீளத்தில் தொட்டி செய்தேன். முதல் மூன்று தடவை ஒழுகியது. நீ விழுந்து விழுந்து சிரித்தாய். நான்காவது தடவை ஒழுகவில்லை, நீயும் சிரிக்கவில்லை. தண்ணீருக்குக் காற்று வேண்டுமே என்று பழைய பஸ் டியூப் ஒன்றைத் தூக்கிவந்தாய். சைக்கிள் பம்பால் அதை அடித்து நிரப்பி, மெல்லிய ரப்பர் குழாயை மாட்டி, வாயில் கிளிப்பைப் போட்டுக் கொஞ்சம் கொஞ்சமாகக் குமிழ் விட வைத்தோம். எனக்கு யாரும் எதையும் சொல்லித் தந்ததில்லை. நீ மார்க்கெட்டில் பாதி விலைக்கு வாங்கித் தந்த, அட்டை போன இங்கிலீஷ் மீன் புத்தகம் ஒன்றுதான். அகராதியைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு ஒரு பக்கம் படிக்க எனக்கு ஒரு வாரம் ஆகும்.

அதில்தான் படித்தேன், ஏஞ்சலும், பழவேற்காட்டுக் காயலிலிருந்து நீ அடுத்துக் கொண்டுவந்த மஞ்சள் நிறச் செல்லக்காசும், சாத்தனூர்ப் பக்கம் வலைபோடுகிறவரிடம் நான் வாங்கிவந்த ஜிலேபிக் கெண்டையும் ஒரே குடும்பம் என்று. சிக்லிட் என்று பெயர். ஏஞ்சல் எங்கோ கடல் தாண்டிய ஆற்று மீன், ஜிலேபி ஆப்பிரிக்காவிலிருந்து வந்தது, செல்லக்காசு நம் ஊர் மீன். மூன்றையும் ஒரே தொட்டியில் விடப்போகிறேன் என்றேன்.

"ஒரே குடும்பம்னாதான்டா அடிச்சிக்கும். உங்க ஊட்டுப் பங்காளிங்களப் பார்த்தும் உனக்குப் புத்தி வரலையா?" என்றாய்.

நீ விளையாட்டாகத்தான் சொன்னாய். ஆனால் அந்த வருஷம்தான் என் அண்ணன், அப்பா விட்டுப்போன வீட்டுக்கு நடுவே சுவர் எழுப்பியிருந்தார். சமையல்கட்டு அவர் பக்கம் போயிற்று, அம்மாவும் அவர் பக்கம் போயிற்று. பாட்டியைப் பார்க்க என் பிள்ளைகள் தெருவைச் சுற்றிக்கொண்டு போய்க் கதவைத் தட்டினால், "தூங்கறாங்க" என்று அண்ணி சொல்லிவிடுவார். கடப்பாரையோடு கிளம்பிய என்னை இடுப்பில் கட்டிப் பிடித்து நிறுத்தியவன் நீதான். அதனால் இந்தத் தொட்டி எனக்கு என்ன என்று உனக்குத் தெரியாது என்று நீ சொல்ல முடியாது.

அடித்துக்கொள்ளத்தான் செய்தன. ஆண் ஜிலேபி மணலைக் குழி பறித்து ஒரு மூலையைப் பிடித்துக்கொண்டது. ஏஞ்சலின் துடுப்பு கிழிந்தது. "நடுவுல ஒரு கண்ணாடி சொருகுடா, ஆளுக்குப் பாதி" என்று தினமும் சொன்னாய். நான் கேட்கவில்லை. உட்கார்ந்து பார்த்தேன். சண்டை மீனோடு அல்ல, இடத்தோடு என்று புரிந்தது. எல்லா மீனையும் பித்தளை அண்டாவில் அள்ளிவிட்டு, கல்லையெல்லாம் வெளியே எடுத்து, குழிகளை நிரவி, வேறு மாதிரி அடுக்கி, ஒரே நேரத்தில் எல்லாவற்றையும் உள்ளே விட்டேன். எதற்கும் சொந்த மூலை இல்லை. அரை நாள் திகைத்து நின்றன. பிறகு புதிதாக இடம் பிடித்துக்கொண்டன. துரத்தல் இருந்தது, சாவு இல்லை. கடைக்கு வந்தவர்களிடமெல்லாம், "பைத்தியக்காரன் சாதிச்சிட்டான்" என்று நீயே சொன்னாய்.

அடுத்த கோடையில் பெண் ஜிலேபியின் தாடை உப்பியது. அது தீனி எடுக்கவில்லை. முட்டைகளை வாய்க்குள் வைத்திருக்கிறது, பொரித்த பிறகும் குஞ்சுகளை வாயில் வைத்துத்தான் காக்கும் என்று புத்தகத்தில் பார்த்திருந்தேன். இரண்டு வாரம் பட்டினி கிடக்கிற அந்த மீனைக் கடை சாத்திய பிறகும் உட்கார்ந்து பார்ப்பேன். உன்னிடம் சொல்லவில்லை. குஞ்சுகள் நன்றாக நீந்தத் தொடங்கியதும் உன்னைக் கூட்டிவந்து காட்டி வாயடைக்க வைக்கலாம் என்று இருந்தேன்.

குஞ்சுகள் வெளியே தலைகாட்டிய இரண்டாம் நாள் நான் கண்ணாடி வாங்க வேலூர் போயிருந்தேன். நான் இல்லாதபோது கடைக்கு நீ வந்தாய்; நடந்ததைப் பிறகுதான் கூட்டிப் பார்த்துப் புரிந்துகொண்டேன். தாயின் முகத்துக்கு முன்னால் கடுகு தூவினாற்போலக் குஞ்சுகள் மிதந்தன. உன் நிழல் விழுந்ததும் அது வாயைத் திறந்து அத்தனையையும் உள்ளே இழுத்துக்கொண்டது. நீ பதறிப்போனாய். அவை மறுபடி வெளியே வரும்வரை அசையாமல் காத்திருந்து, வந்ததும் தாய்க்கும் குஞ்சுகளுக்கும் நடுவே என் கடைக் கண்ணாடி ஒன்றை இறக்கினாய்.

நான் திரும்பியபோது வாசலிலேயே நின்றாய்.

"வாடா, உன் ஜிலேபி பெத்த புள்ளையத் துன்னுது. நான் மட்டும் வரலன்னா ஒண்ணுகூட மிஞ்சியிருக்காது."

உள்ளே ஓடிப் பார்த்தேன். குஞ்சுகளை நீ விட்ட பக்கம்தான் ஏஞ்சல்கள் இருந்தன. நீ வாசலில் நின்ற நேரத்தில் அவை குஞ்சுகளைத் தின்று முடித்துவிட்டிருந்தன. அந்தப் பக்கம் தாய் வாயைத் திறந்தபடி கண்ணாடியில் முட்டிக்கொண்டிருந்தது.

"அது துன்னலடா. வாயில வச்சிக் காப்பாத்துது."

"எந்த ஊர்லடா வாயில போட்டுக் காப்பாத்துவாங்க? துன்னுதுன்னு நானே கண்ணால பார்த்தேன்."

கண்ணாடியைப் பிடித்து இழுத்தேன். உள்ளங்கை கிழிந்தது. "தாய அந்தப் பக்கம் வச்சிட்டியேடா," என்று கத்தினேன். நான் மீனை மட்டும் சொல்லவில்லை என்று உனக்குப் புரிந்தது. அதனால்தான் உனக்கும் கோபம் வந்தது.

"உங்க ஊட்டு வயித்தெரிச்சல எம்மேல கொட்டாத. நல்லது செய்ய வந்தவன் நான்."

"நல்லது செய்யறேன்னுதான் எங்க அண்ணனும் செவுரு வச்சாரு. போடா வெளிய."

போனாய். சில மாதத்தில் பெங்களூர் லைனுக்கு மாற்றிக்கொண்டாய். ஒரே ஊர், ஒரே தேர்த்திருவிழா, எதிரெதிரே வருவோம். நீ கொடிக்கம்பத்தைப் பார்ப்பாய், நான் செருப்பைப் பார்ப்பேன். இரண்டு தலைமுறை போய்விட்டது.

உன்னைக் கிடத்தியிருந்த அன்று உன் மகள் என் கையைப் பிடித்துக்கொண்டாள். "பெரியப்பா, அப்பா அந்த மீன் கதைய சொல்லிக்கினே இருப்பாரு. நீங்க சொன்னதுதான் சரின்னுவாரு. போயி சொல்லுங்களேன்பான்னா, 'அவன் ஒத்துக்குவானா, மறுபடி சண்டைக்கு வருவான்'னு சிரிப்பாரு" என்றாள். நான் அழுவேன் என்று எல்லோரும் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

"அத அவன் வந்து சொல்லியிருக்கணும்மா. ஆள் விட்டு சொல்ற விஷயமில்ல இது" என்று சொல்லி, மாலையைப் போட்டுவிட்டு வந்துவிட்டேன். "கெழவனுக்கு இன்னும் கொழுப்பு அடங்கல" என்று பின்னால் யாரோ சொன்னது காதில் விழுந்தது. அடங்கவில்லைதான்.

இப்போதும் என் தொட்டியில் மூன்று ஜாதி இருக்கிறது. தடுப்பு கிடையாது. புது மீன் வரும்போதெல்லாம் கல்லைக் கலைத்து அடுக்குகிறேன், குனிந்தால் முதுகு பிடித்துக்கொள்கிறது, ஆனாலும் அடுக்குகிறேன். பார்க்க வருகிறவர்கள், "அடிச்சிக்காதுங்களா?" என்று கேட்கிறார்கள். அடித்துக்கொள்ளாது என்று நான் எப்போது சொன்னேன்? அடித்துக்கொண்டும் சேர்ந்தே இருக்கும் என்றுதான் உன்னிடமும் சொன்னேன். மறுபடி சண்டைக்கு வருவேன் என்று பயந்தா வராமல் இருந்தாய்? வந்திருப்பேன். அதற்காகத்தானே இத்தனை வருஷம் உன் வழியைப் பார்த்துக்கொண்டிருந்தேன்?

தாடை உப்பியதை அன்றைக்கே உன்னிடம் சொல்லியிருந்தால் நீ அந்தக் கண்ணாடியைத் தொட்டிருக்க மாட்டாய். அது என் தப்பு. இதை எப்போதோ யோசித்து வைத்துவிட்டேன். ஆனால் நீ வந்து, உட்கார்ந்து, ஒரு முழுச் சண்டை போட்டு முடித்த பிறகுதான் சொல்வது என்று வைத்திருந்தேன். நீ வரவில்லை. அந்த ஒரு வரி இன்னும் என்னிடமே இருக்கிறது.