அதே விமானத்தில் திரும்பினோம்

அன்புக் குட்டிக்கு,

இதைப் படித்துவிட்டுக் கோபித்துக்கொள்ளாதே. புதிதாகச் சேர்ந்த விமானிகளுக்குக் கோடையில் மூச்சுவிட நேரமில்லை, குளிர்காலத்தில் ஓட்ட விமானமே இல்லை என்று எழுதியிருந்தாய். சுற்றுலாக் கூட்டத்தைக் கடற்கரை ஊரில் இறக்கிவிட்டு, விடுமுறை முடிந்தவர்களை ஏற்றிக்கொண்டு உடனே திரும்ப வேண்டும் என்றாய். போன வெள்ளிக்கிழமை அதைக் கண்ணால் பார்த்தோம். உன் விமானத்தில்தான் வந்தோம். செலவைக் கணக்கில் யாத்திரை என்று எழுதிக்கொண்டேன், சாமி பொறுத்துக்கொள்ளும்.

வந்தோம் என்றால் அப்பாவும்தான். நீ பேங்க் வேலையை விட்டு விமானம் ஓட்டப் போன நாளிலிருந்து உன்னோடு பேசாத அதே மனுஷர்தான். எல்லோரும் அரைக்கால் சட்டையும் தொப்பியுமாக இருக்க, இவர் இஸ்திரி போட்ட முழுக்கைச் சட்டையில் உட்கார்ந்திருந்தார். நான் கண்ணை மூடிச் சாமி பெயரைச் சொல்லிக்கொண்டிருந்தேன். ஒலிபெருக்கியில் உன் குரல் வந்ததும் இவர் பின்சீட்டுக்காரர்களிடம், "கொஞ்சம் சத்தம் போடாம இருங்க, பைலட் பேசுறாங்க" என்றார்.

இறங்கி ஒரு காபி குடித்துவிட்டு அதே விமானத்தில் மறுபடி ஏறினோம். பணிப்பெண் அடையாளம் கண்டுகொண்டாள்.

"கடலைக்கூடப் பார்க்கலையா சார்?"

"எம்பொண்ணுதான்மா ஓட்டுறா" என்றார்.

"அப்படியா? இருங்க, அவங்ககிட்ட சொல்றேன்."

"வேண்டாம்மா. வேலை நேரம்."

வீட்டுக்கு வந்து சட்டையைக் கழற்றும்போது, "குளிர்காலத்துல விமானம் இல்லன்னா அவ எங்க இருப்பா?" என்று கேட்டார். இந்தக் கடிதத்துக்கு எனக்குப் பதில் வேண்டாம். அவருக்கு எழுது.

உன் அம்மா