அண்ணன் கிட்டாருக்கு எலும்பு நட்

6 மே 2002, திங்கள். குரும்பலூர்.

வெயில். காக்காய்கூட வாயைப் பிளந்தபடி.

உற்றார் உறவினருக்கு அறிவிப்பது: இன்று காலை எங்கள் வீட்டுக் கிட்டாரின் நட் காலமானது. கழுத்தின் உச்சியில், ஆறு தந்தியும் பள்ளத்தில் உட்காருமே, அந்த வெள்ளைத் துண்டு. போல்ட் இல்லாமலே நட். கொன்றது நான். திருப்புளியால் நெம்பி. வேண்டுமென்றேதான்.

காரணம், அண்ணன். ஆலத்தியூர்ப் பக்கம் கல் உடைக்கிற மிஷினில் போன மாதம் இடது கையில் ரெண்டு விரல் போய்விட்டது. கை முழுக்கப் பந்து மாதிரி கட்டு. அதிலிருந்து பேச்சில்லை. சோறு, சுவர், சோறு. நேற்று, அண்ணன் கிட்டார் வாசிக்கும் அரியலூர் பாட்டுக்குழுவின் மாஸ்டர் அவனைப் பார்க்க வந்தார். அண்ணன் வாயைத் திறந்து சொன்னது ஒன்றுதான்: "அடுத்த ஞாயித்துக்கெழம வந்து கிட்டார எடுத்துக்கங்க மாஸ்டர்."

விட மாட்டேன். திட்டம்: வலது கையால் அழுத்தட்டும், இடது கையால் மீட்டட்டும். அதற்குத் தந்திகளை இடம் வலமாக மாற்ற வேண்டும். தடித்த தந்தி பழைய நட்டின் குறுகல் பள்ளத்தில் உட்காராது. ஆகவே புது நட். ஊரில் ஒருத்தருக்கும் தோன்றாதது எனக்குத் தோன்றியது. குறித்துக்கொள்க.

7, செவ்வாய்

பெரம்பலூர். கறிக்கடை பாயிடம் மாட்டுக்கால் எலும்பு.

"சூப்புக்கா தம்பி?"

"இல்ல பாய். கிட்டாருக்கு."

"நாய்க்கு நல்ல பேருதான் வெச்சிருக்கே."

கொழுப்புப் போக வேகவைத்தேன். அம்மா குண்டானைத் தெருவில் வீசினாள். எலும்பைப் பொறுக்கி ஓட்டின் மேல் காயப்போட்டாயிற்று.

9, வியாழன்

ஆக்ஸா பிளேடு, அரம், உப்புத்தாள். வாயெல்லாம் எலும்புத் தூள், பல்பொடி மாதிரி. முதல் துண்டில் பள்ளம் ஆழமாகிவிட்டது. தந்தி கழுத்தில் உரசி வண்டு மாதிரி இரைச்சல். குப்பை. இரண்டாவதற்குப் பழைய தந்தியையே ரம்பமாக்கி, கொஞ்சம் இழு, வைத்துப் பார், கொஞ்சம் இழு.

பக்கத்து வீட்டு முருகேசன்: "ஏன்டா, கணக்குல பெயிலானவன் மில்லிமீட்டர் பாக்குற?"

"அதுல தாளு, இதுல எலும்பு. எலும்பு பேசும்டா."

அண்ணன் ஒரு தடவை சுவரிலிருந்து திரும்பிப் பார்த்தான். சிரிக்கவில்லை.

11, சனி

மேகம் வந்து ஏமாற்றிவிட்டுப் போனது. நட் தயார். பால் பல் வெள்ளை. ஒட்டி, தந்தி மாட்டி, தட்டினால் சுத்தமான சத்தம். எல்லாம் அளந்து செய்தது, மயிரிழை தப்பில்லை. நாளைக்கு அண்ணன் வாசிப்பான் என்று தெரு முழுக்கச் சொல்லியாயிற்று.

12, ஞாயிறு

மாஸ்டர் வந்தார். கிட்டாரைத் திருப்பி அண்ணன் மடியில் வைத்தேன். வலது கை கழுத்தைப் பிடித்தது. விரல்கள் தடுமாறி, தேடி, ஓரிடத்தில் அழுத்தி நின்றன. மாஸ்டர் நாற்காலி நுனிக்கு வந்துவிட்டார். மீட்டுகிற வில்லையை நீட்டினேன்.

கையிலிருந்த கட்டு முழுசாக அவிழ்ந்தது இன்று காலையில்தானாம். அண்ணன் மேலே போட்டிருந்த துண்டை விலக்கி இடது கையை நீட்டினான்.

"எதுலடா புடிக்கச் சொல்ற?"

போனது வில்லையைப் பிடிக்கிற கட்டை விரலும் ஆள்காட்டி விரலும். நான் நினைத்திருந்தது கடைசி ரெண்டு.

யாருமே சொல்லலையே என்றேன்.

அம்மா: "தெனம் கட்டு மாத்துனமே. நீ எங்கடா போன?"

மாஸ்டர் கிட்டாரை உறையில் போட்டுக்கொண்டார். பஸ்ஸுக்கு நேரமாச்சு என்றார். அண்ணன் சுவர் பக்கம் திரும்பிக்கொண்டான்.

எல்லாம் அளந்தேன் என்று எழுதியது பொய். அந்தக் கையை ஒரு தடவைகூட நான் பார்க்கவில்லை. கட்டு அவிழ்க்கிற போதெல்லாம் சோப்பு வாங்கிவருகிறேன் என்று கடைக்குப் போய்விடுவேன்.

அலமாரி நிறைய சோப்பு.