ஊர் மருமகன் நினைவுக் கிண்ணம்

அன்புள்ள மச்சான்,

கிண்ணம் வந்த மட்டைப்பெட்டியை இன்று காலைதான் காரிலிருந்து இறக்கினேன். இரண்டு நாளாக வெயிலில் நின்ற கார். பின்பக்கத்தைத் திறந்தவுடன் இறப்பரும் பழைய வியர்வையும் நோவெண்ணெயும் கலந்த மணம் முகத்தில் அடித்தது. பனி அள்ளும் சவளை இழுத்து எடுத்தேன். அதற்கடியில் உன் கையுறைகள் கிடந்தன. போன வருஷம் சுற்றுப்போட்டி முடிந்து வரும்போது நீ வைத்துவிட்டுப் போனவை. "பேந்து எடுக்கிறன்" என்று சொன்னாய்.

நீ எடுக்க வரவில்லை. ஆனால் உனக்கு ஒரு செய்தி இருக்கிறது. பெரியண்ணையைப் பழிவாங்கிவிட்டேன். ஞாயிற்றுக்கிழமை, நடு மைதானத்தில், ஊர்ச்சனம் முழுக்கப் பார்த்துக்கொண்டு நிற்க, ஒலிவாங்கியில். நீ இருந்திருந்தால் "வேண்டாம் மச்சான்" என்றுதான் சொல்லியிருப்பாய். அதனால்தான் நீ இல்லாத காலத்தில் செய்தேன்.

நீ எங்கள் குடும்பத்துக்குள் வந்தது பிரெஞ்சு வகுப்பு வழியாக. மொன்றியல் செயின்ட்-மிஷேலில் புதிதாக வந்தவர்களுக்கு நடந்த வகுப்பில் என் தங்கச்சிக்குப் பக்கத்துக் கதிரை உனக்கு. அவளுக்குச் சுவாஹிலி தெரியாது, உனக்குத் தமிழ் தெரியாது, இரண்டு பேருக்கும் பிரெஞ்சு வராது. அந்த வராத பிரெஞ்சில்தான் காதலித்திருக்கிறீர்கள். தன்சானியாக்காரன், ம்வான்சா என்ற ஏரிக்கரைப் பட்டினம், பேக்கரியில் வேலை, கத்தோலிக்கன். கடைசிச் சொல்லைக் கேட்ட பிறகுதான் அம்மாவின் அழுகை நின்றது. நீ தமிழ் படித்தது அம்மாவிடமும் தங்கச்சியிடமும். அதனால் உனக்கு மரியாதைத் தமிழ் மட்டும்தான் தெரியும். குழந்தையையும் வாங்கோ என்பாய், கோலுக்கு வருகிற பந்தையும் வாங்கோ என்பாய். நான் உன்னை நீ என்பேன், நீ என்னைக் கடைசிவரை நீங்கள் என்றாய்.

உன் நாட்டு அணியின் கதையை முதல் சந்திப்பிலேயே சொல்லிவிட்டாய். எண்பதாம் ஆண்டு தன்சானியா முதல் தடவையாக ஆபிரிக்கக் கிண்ணத்துக்குப் போனபோது உனக்குப் பன்னிரண்டு வயது. ஒரு தையற்கடை வானொலியைச் சுற்றித் தெரு முழுக்க நின்று கேட்டதாம். நைஜீரியாவிடம் தோல்வி, எகிப்திடம் தோல்வி, ஐவரி கோஸ்டுடன் சமநிலை, அத்துடன் வீடு. நீ அதைச் சொன்ன விதத்தைப் பார்த்தால் கிண்ணத்தையே தூக்கிக்கொண்டு வந்துவிட்டார்கள் என்று நினைக்கத் தோன்றும். "உங்கட கோல்காப்பாளர் நல்லவனோ? பாத்தனியோ?" என்று கேட்டேன். "பாக்கேல்லை மச்சான், கேட்டனான்" என்றாய். அறிவிப்பாளர் சொன்னதைக் கேட்டுக் கேட்டு, தையற்கடை மண்ணில் இடமும் வலமும் பாய்ந்து பார்த்துத்தான் நீ கோல்காப்பாளன் ஆனாயாம். வானொலியில் பழகிய பாய்ச்சல் என்று நான் கேலி செய்தேன். பேக்கரிக்காரர்களின் அணிக்கு நீ விளையாடியதை ஒருநாள் வந்து பார்த்த பிறகு கேலியை விட்டேன்.

அப்போது எங்கள் ஊர் அணிக்குக் கோல் காக்க ஆளில்லை. மொன்றியலில் இருக்கிற யாழ்ப்பாணத்து ஊர்கள் எல்லாம் கோடையில் ஒரு ஞாயிறு கூடி உதைபந்தாட்டச் சுற்றுப்போட்டி வைக்கும். ஊரில் பிறந்தவர், அவர்களின் பிள்ளைகள், ஊருக்கு வந்த மருமக்கள் ஆகியோர் விளையாடலாம் என்பது விதி. உன்னைப் பற்றி எந்தச் சிக்கலும் வராது என்றுதான் நான் நினைத்தேன். முந்தின வருஷம் சென்னையிலிருந்து வந்த ஒரு மருமகனை இறக்கியிருந்தோம். பந்து வந்தால் அவன் மரியாதையாக விலகி வழிவிடுவான். ஆனாலும் மருமகன்.

ஞாயிற்றுப் பூசை முடிந்து மாதா கோயில் மண்டபத்தில் ஊர் ஒன்றியக் கூட்டம். ஐந்து பேர். தலைவர் பெரியண்ணை, என் பெரியப்பாவின் மூத்த மகன். அரை மணி நேரத்துக்கு முன்னர்தான் உனக்கு முன்னால் நின்று நற்கருணை வாங்கியவர். உன் பெயரை எடுத்ததும் தொண்டையைச் செருமினார்.

"மருமகன் எண்டால் ஊருக்கு ஒரு முகம் இருக்கவேணும். பாக்கிறவங்கள் என்ன சொல்லுவாங்கள்?"

கை தூக்கச் சொன்னார்கள். உள்ளே விட இரண்டு, வேண்டாம் என்று இரண்டு. எல்லாரும் என்னைப் பார்த்தார்கள். என் இரண்டு கையும் மேசைக்குக் கீழே இருந்தன. என்னைக் கனடாவுக்குக் கூப்பிட்டு எடுத்தவர் பெரியண்ணை. முதல் வேலை பிடித்துத் தந்தவரும் அவர்தான். தூக்கியிருக்கலாம். தூக்கவில்லை.

"அவன்ர மச்சானே கை தூக்கேல்லை, பேந்தென்ன கதை?" என்று சொல்லி அவர் அடுத்த விஷயத்துக்குப் போனார். அடுத்த விஷயம் மத்தியானச் சாப்பாட்டுக்கு ஆட்டுக்கறியா கோழியா என்பது.

நீ மண்டபத்துக்கு வெளியே நின்றாய். ஒன்றியம் வேண்டாம் என்று முடிவெடுத்துவிட்டது என்றேன். "நீங்கள் என்ன சொன்னனீங்கள்?" என்று கேட்டாய். "நான் ஒராள் சொல்லி என்ன மச்சான், அவங்கள்தான் கூடப்பேர்" என்றேன். பொய். நீ தலையாட்டினாய். அந்த வருஷம் எங்கள் அணி முதல் ஆட்டத்திலேயே ஏழு கோல் வாங்கியது. நான் உள்ளுக்குள் சந்தோஷப்பட்டேன், அதையும் உனக்குச் சொல்லவில்லை.

ஆனால் நீ வந்தாய். அந்த வருஷமும் வந்தாய், அடுத்த வருஷமும் வந்தாய். கோலுக்குப் பின்னால் நின்று வெளியே போகிற பந்தை எடுத்துக் கொடுத்தாய். வலை அவிழ்ந்தால் கட்டினாய். பந்து பொறுக்க மட்டும் ஊருக்கு நீ மருமகன். அதற்கும் கையுறை போட்டுக்கொண்டு நின்றாய். ஒவ்வொரு கோடையும் அந்தக் கையுறைகள் என் காரில்தான் போய் வந்தன.

மத்தியானம் சாப்பாட்டுத் தட்டோடு பெரியண்ணை உன்னிடம் வருவார். "என்னப்பா, உன்ர நாடு இந்த முறையும் இல்லையோ?" என்பார். கேட்க அவருக்கு அவ்வளவு ஆசை. முப்பத்தொன்பது வருஷம் தன்சானியா அந்த வாசலுக்கு வெளியே நின்றது. நீயும் முகம் கோணாமல் "இல்லை அண்ணை, அடுத்த முறை" என்பாய். கடைசியில் உங்கள் ஆட்கள் சொந்த மண்ணில் உகண்டாவை மூன்று கோலால் வென்று உள்ளே போனபோது நீ பேக்கரியிலிருந்து ஒரு பெட்டி பணிஸ் கொண்டுவந்து பூசைக்கு வந்த சனத்துக்கெல்லாம் கொடுத்தாய். பெரியண்ணை இரண்டு எடுத்தார். அந்த முறை மூன்று ஆட்டமும் தோல்வி. கென்யாவுடன் இரண்டு தரம் முந்தி நின்று தோற்றீர்கள். அதற்குப் பிந்திய முறை, பத்துப் பேரோடு நின்ற சாம்பியா முடிகிற நேரத்தில் கோல் அடித்துச் சமன் செய்தது. நீ ரிவிக்கு முன்னால் தலையில் கைவைத்துக்கொண்டு இருந்தாய்.

அந்தக் கோடையில் பெரியண்ணை பல்லுக் குத்திக்கொண்டே கேட்டார்: "போய்ப் போய்த் தோக்கிறாங்கள். ஒரு மேட்சும் வெல்லேல்லை. ஏன் போவான்?"

நீ கையுறையைக் கழற்றாமலே சொன்னாய்: "அண்ணை, தோக்கிறதுக்கும் முதல் உள்ள விடவேணும்."

அவருக்கு விளங்கியதோ தெரியாது. எனக்கு விளங்கியது. நான் தண்ணீர் எடுக்கப் போகிற சாட்டில் எழும்பிப் போனேன்.

போன ஒக்டோபரில் பேக்கரியில் வேலை நடுவில் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு நிலத்தில் இருந்தாய், எழும்பவில்லை. மரணச் சடங்கில் பெரியண்ணை கறுப்புக் கோட்டோடு வந்தார். யாரும் கூப்பிடாமலே ஒலிவாங்கியை எடுத்தார். ஒன்றியத் தலைவர் அல்லவா, செத்தவீட்டில் பேசாவிட்டால் அவருக்குச் செமிக்காது. "எங்கட ஊர் மருமகனை இழந்து நிக்கிறம்" என்றார். குரல் தழுதழுக்கவும் செய்தது.

எனக்குக் காது அடைத்துவிட்டது மச்சான். உயிரோடு இருபத்தைந்து வருஷம் கோலுக்குப் பின்னால் நின்றவன் மருமகன் இல்லை, பெட்டிக்குள் படுத்தவுடன் மருமகன். அந்த இடத்திலேயே கழுத்தைப் பிடித்திருப்பேன். தங்கச்சியின் முகத்தைப் பார்த்து இருந்துவிட்டேன். நல்லது, உங்கள் வாயால் சொல்லிவிட்டீர்கள், இனிச் சொல்லிக்கொண்டே இருங்கள் என்று அன்று மனதுக்குள் முடிந்து வைத்தேன்.

ஜனவரியில் உன் நாடு என்ன செய்தது என்று நீ கேட்டால் நம்பமாட்டாய். நைஜீரியாவிடம் தோற்று, உகண்டாவோடும் துனிசியாவோடும் சமன் செய்து, ஒன்றையும் வெல்லாமலே கடைசிப் பதினாறுக்குள் புகுந்துவிட்டார்கள். வரலாற்றில் முதல் தடவை. எதிரே மொரோக்கோ, அதுவும் அவர்கள் மண்ணில். இங்கே ஞாயிறு பகல். செயின்ட்-மிஷேலில் உன் வீட்டில் இருந்து பார்த்தோம். தெருவெல்லாம் அங்கே குடியிருக்கிற மொரோக்கோக்காரரின் கொடி, கார் ஹோர்ன் சத்தம். உன் மகள் உன் நீல ஜேர்சியைப் போட்டுக்கொண்டு நிலத்தில் இருந்தாள். பாதி ஆட்டம் முடிந்து ஒரு கோலும் விழாமல் நின்றபோது பெரியண்ணைக்குத் தொலைபேசி எடுத்தேன்.

"பெரியண்ணை, ரிவியைப் போடுங்கோ."

"ஏன், ஊரில ஏதும் பிரச்சினையோ?"

"இல்லை. உங்கட ஊர் மருமகன்ர நாடு விளையாடுது."

"இன்னும் ஒரு மேட்சும் வெல்லேல்லைத்தானே?"

"ஓம். ஆனால் உள்ள நிக்கிறாங்கள்" என்று சொல்லி வைத்துவிட்டேன். பிறகு ஒரு கோலால் தோற்றோம். தோற்றோம் என்று எழுதிவிட்டேன், பார். அது அப்படியே இருக்கட்டும்.

இனிக் கிண்ணத்துக்கு வருகிறேன். எங்கள் சுற்றுப்போட்டியில் ஒவ்வொரு பரிசும் யாரோ ஓர் அமரரின் நினைவாகக் குடும்பத்தார் கொடுப்பது உனக்குத் தெரியும். கிண்ணத்தில் பொறித்திருப்பதை அந்தக் குடும்பத்தின் ஊர்த் தலைவர் ஒரு எழுத்தும் விடாமல் வாசிக்கவேண்டும் என்பது வழக்கம். அதில்தான் என் கண் விழுந்தது. சிறந்த கோல்காப்பாளருக்கு இதுவரை பரிசே இல்லை. நான் கொடுக்கிறேன் என்றேன். செத்தவீட்டில் மருமகன் என்று அழுத மனிதர் எந்த முகத்தோடு மறுப்பார்?

தங்கச்சி மறித்தாள். "வேண்டாம் அண்ணை. அவர் பழிவாங்கிற ஆள் இல்லை."

"அவர் இல்லை. நான் அந்த ஆள்தான்" என்றேன்.

ஞாயிற்றுக்கிழமை டொலார்ட் மைதானத்தில் பரிசளிப்பு. உன் மகள் கிண்ணத்தைப் பிடித்துக்கொண்டு நின்றாள். பெரியண்ணை கண்ணாடியை மூக்கில் இறக்கிவிட்டு வாசித்தார். "அமரர்..." என்று தொடங்கி உன் பெயரை மென்று விழுங்கினார். நான் கிண்ணத்தில் விரலை வைத்தேன். "பெரியண்ணை, முதல் வரியை விட்டிட்டியள்." அவர் என்னைப் பார்த்தார். சனம் அவரைப் பார்த்தது. "எங்கள் ஊர் மருமகன்" என்று வாசித்தார். உன் பெயரில் திரும்பவும் தடக்கினார். நான் திட்டம் போடாத ஒன்று அப்போது நடந்தது. உன் மகள் ஒலிவாங்கிக்குக் கிட்டக் குனிந்து, "பெரிய மாமா, அப்பான்ர பேரைச் சரியாச் சொல்லுங்கோ" என்று சொல்லிக் கொடுத்தாள். மூன்று தரம் சொல்ல வைத்தாள். மூன்றாம் தரம் சரியாக வந்தது. கழுத்துப்பட்டி நனைந்துவிட்டது அவருக்கு. எனக்கு அப்படி ஒரு சுகம்.

பிறகு கடைசி வரிக்கு வந்தார். கொடுத்தவர் பெயர் இருக்கிற இடம். வாசித்த பிறகுதான் என்ன வாசித்தோம் என்று அவருக்கு உறைத்தது.

"அன்பளிப்பு: கை தூக்காத மச்சான்."

சனம் ஏதோ குடும்பப் பகிடி என்று சிரித்தது. பெரியண்ணை சிரிக்கவில்லை. தங்கச்சியும் சிரிக்கவில்லை. அயலூர்க் கோல்காப்பாளர் ஒருவர் வந்து கிண்ணத்தை வாங்கிக்கொண்டு போனார்.

திரும்பும்போது தங்கச்சி என் காரில் வந்தாள். அவளுடைய தெருவுக்குள் திரும்பும்போதுதான் வாய் திறந்தாள்.

"அவருக்குத் தெரியும் அண்ணை."

"என்ன தெரியும்?"

"நீங்கள் கை தூக்காதது. அண்டைக்குப் பின்னேரமே பெரியண்ணை போன் எடுத்துச் சொல்லிப்போட்டார்."

நான் காரை ஓரமாக நிறுத்தினேன். "அவன் என்ன சொன்னவன்?"

"மச்சான் பயந்திட்டார், அவரிட்டைக் கேக்காதேங்கோ, வெக்கப்படுவார் எண்டார்."

இருபத்தைந்து வருஷம் மச்சான். தெரிந்துகொண்டே ஒவ்வொரு கோடையும் என் காரில் ஏறி, எனக்குப் பக்கத்தில் இருந்து, அந்த வானொலிக் கதையைத் திரும்பத் திரும்பச் சொல்லிக்கொண்டு வந்திருக்கிறாய். ஒருநாளாவது ஏசியிருக்கலாம். பெரியண்ணைக்கு நான் செய்ததைவிட எனக்கு நீ செய்தது பெரிது.

பெரியண்ணையை நான் மன்னிக்கவில்லை, மன்னிக்கிற எண்ணமும் இல்லை. கிண்ணம் வருஷாவருஷம் திரும்பி வரும். அடுத்த வருஷம் ஆபிரிக்கக் கிண்ணம் உன் நாட்டிலும் நடக்கப்போகிறது. உள்ளே விடச் சொல்லி உங்கள் ஆட்கள் யாரையும் கேட்கத் தேவையில்லை. அந்தக் கோடையும் இங்கே பெரியண்ணைதான் வாசிப்பார். நான் பக்கத்தில் நின்று கடைசி வரிவரைக்கும் கேட்பேன்.

கையுறைகளைத் தங்கச்சியிடம் கொடுக்க மனம் வரவில்லை. காரிலேயே இருக்கட்டும் என்று திரும்ப வைக்கப் போனேன். வைக்குமுன் வலதுகையை மட்டும் மாட்டிப் பார்த்தேன். எனக்குப் பெரிது, விரல் நுனிகள் வெறுமையாக மடிந்தன. வீட்டு வாசலில் நின்றபடி அந்தக் கையை மேலே தூக்கினேன். எதிர்வீட்டுப் பிரெஞ்சுக்காரக் கிழவர் புல்லுக்குத் தண்ணீர் விட்டுக்கொண்டிருந்தவர், தனக்குத்தான் என்று நினைத்து "பொன்ஷூர்" என்று தானும் கை தூக்கினார். அவர் கையை இறக்கிய பிறகும் நான் இறக்கவில்லை.