எங்கடை ஆள் செதுக்கிய முத்திரைகள்

இன்று காலை தபால்காரர் கேற்றடியில் மணியடித்து ஓர் உறையைத் தந்துவிட்டுப் போனார். நோர்வேயிலிருந்து என் தம்பி அனுப்பியது. நாள் தவறாமல் தொலைபேசியில் கதைக்கிறவனுக்குக் கடிதம் எழுத என்ன இருக்கிறது? உள்ளே நாலு வரிதான். ஆனாலும் மூன்று நான்கு மாதத்துக்கு ஒருமுறை அவன் இப்படி ஒன்றை அனுப்புகிறான், நீர் சேர்க்கும் தபால் முத்திரைக்காக. நீர் போய்விட்டீர் என்று அவனுக்குத் தெரியும். நிறுத்தச் சொல்ல எனக்கு மனம் வரவில்லை. நிறுத்த அவனுக்கும் மனம் வரவில்லை போலும்.

உறையை வாங்கியதும் என் பெருவிரல் தானாகவே முத்திரையின் மேல் போய்த் தடவிப் பார்த்தது. கண்ணால் பார்க்க முன்னமே விரலால் பார்க்கும் இந்தப் பழக்கம் உம்மிடமிருந்து எனக்குத் தொற்றியது. அடுப்பில் சோறு இருந்தது. அதையும் மறந்து கேற்றைப் பிடித்தபடி நின்றேன். அதனால்தான் இன்று உமக்கு எழுதுகிறேன்.

நாம் பழகத் தொடங்கியது உரும்பிராய்த் தபால் கந்தோரில். நீர் அங்கே தபாலதிபர். நான் பக்கத்தில் ஓர் அரசாங்கக் கந்தோரில் காணிப் படமும் றோட்டுப் படமும் கீறிக்கொண்டிருந்தேன். தம்பிக்குக் கடிதம் போட வந்த ஒருநாள், முகவரி சரிதானா என்று பார்ப்பதற்காக அவன் அனுப்பிய உறையை உம்மிடம் நீட்டினேன். நீர் முகவரியைப் பார்க்கவேயில்லை. மூலையில் இருந்த முத்திரையையே பார்த்துக்கொண்டிருந்தீர். பின்னால் வரிசையில் நின்றவர்கள் முணுமுணுக்கத் தொடங்கினார்கள். நீர் கூச்சத்தோடு கேட்டீர்: “உந்த முத்திரை உமக்குத் தேவையோ?”

வெட்டித் தந்தேன். அடுத்த நாள் மதியம் சாப்பாட்டு நேரத்தில் என்னை உள்ளே கூப்பிட்டு, பூதக்கண்ணாடியைத் தந்து அதைப் பார்க்கச் சொன்னீர். ஒரு ராசாவின் முகம். வெறும் கண்ணுக்குச் சாம்பல் நிறமாகத் தெரிந்த கன்னம் கண்ணாடிக்குக் கீழே நூற்றுக்கணக்கான கோடுகளாகவும் புள்ளிகளாகவும் பிரிந்தது. ஒரு மனுசன் உருக்குத் தகட்டில் கையால் ஒவ்வொரு கோடாகச் செதுக்கி, அந்தத் தகட்டிலிருந்து அச்சடித்தது என்றீர். ஒரு முகத்துக்கு அவருக்கு மாதக்கணக்கு எடுக்குமாம். ஒரு கோடு தவறினாலும் தகடு பழுதாம். மை பிசகினால் சுரண்டித் திருத்துகிற தொழில் என்னுடையது.

அந்தச் செதுக்குநரின் பெயர் நம் இருவர் வாயிலும் நுழையவில்லை. அதனால் அவரை “எங்கடை ஆள்” என்று சொல்லத் தொடங்கினோம். பல நாடுகளுக்கு முத்திரை செதுக்கிய பெரிய கைகாரர் அவர். நாம் அவரைத் தெரிந்துகொண்ட காலத்தில் அவர் உயிரோடு இல்லை. உலகத்தில் மற்றவர்கள் நாட்டைப் பார்த்துச் சேர்ப்பார்கள், பூவைப் பார்த்தோ பறவையைப் பார்த்தோ சேர்ப்பார்கள். நீர் இந்த ஒருவரின் கையை மட்டும் சேர்த்தீர். வேறு யாராவது செதுக்கியது கைக்கு வந்தால் ஒதுக்கிவிடுவீர். “காதுக்குக் கீழை பாரும். நிழலை இப்பிடி வளைக்க எங்கடை ஆளாலை மட்டும்தான் ஏலும்,” என்பீர். செதுக்கியவர்களின் பெயர் போட்ட முத்திரைப் பட்டியலைப் புரட்டிப் பார்த்தால் நீர் சொன்னது சரியாகவே இருக்கும்.

ஓய்வு பெற்ற பிறகு சனிக்கிழமைகள் நமக்கென்று ஆகின. மூன்று மணிக்கு நீர் ஸ்கூட்டரில் கொக்குவிலில் உள்ள என் வீட்டுக்கு வருவீர். முன்கூடையில் அல்பமும் முத்திரை பிடிக்கும் சாமணமும், எங்கடை ஆளின் முத்திரை எண்களை எழுதி, கிடைக்காதவற்றுக்கு இடைவெளி விட்ட ஒரு கொப்பியும் இருக்கும். என் சாப்பாட்டு மேசையைத் துடைத்து வெள்ளைத் துணி விரிப்பேன். ஒரு மூச்சு பலமாக விட்டால்கூட முத்திரை பறந்துவிடும் என்று மின்விசிறியை நிறுத்திவிட்டு, வியர்வையோடு இருந்து பார்ப்போம். மூன்றரை மணிபோல என் தொலைபேசி அடிக்கும். உம்முடைய வீட்டுக்காரர், உம்முடைய அவர்தான். பாண் வாங்குவதா, நாய்க்குச் சோறு வைத்ததா என்று ஏதாவது கேட்பார். “இந்த மனுசனுக்கு நான் இல்லாட்டி ஒண்டும் ஓடாது,” என்று சலித்துக்கொள்வீர்.

அந்த ஆவணி மாதத்துச் சனிக்கிழமையைத்தான் நான் திரும்பத் திரும்ப நினைக்கிறேன். தம்பி ஒரு கட்டு முத்திரை அனுப்பியிருந்தான். நீர் ஒவ்வொன்றாக எடுத்துப் பூதக்கண்ணாடியைப் பிடித்துப் பார்த்து, இது எங்கடை ஆள், இது இல்லை என்று பிரித்துக்கொண்டிருந்தீர். கண்ணாடி சும்மா நிற்பதையும், உம்முடைய பெருவிரல் முத்திரையின் மேல் ஊர்வதையும் அப்போது கவனித்தேன். தகட்டில் செதுக்கி அச்சடித்ததில் மை இலேசாக மேடிட்டு நிற்கும், விரலுக்குத் தெரியும். அதனால் எனக்குச் சந்தேகம் ஒன்றும் எழவில்லை. ஆனால் அடுத்ததை நான் தற்செயலாகப் பிளாஸ்ரிக் உறைக்குள் வைத்தே நீட்டிவிட்டேன். நீர் நெடுநேரம் கண்ணாடியைப் பிடித்துவிட்டுச் சொன்னீர்: “ராசாவின்ரை முகம் என்ன வடிவு.”

அது பாய்மரக் கப்பல்.

நான் அதைச் சொன்னதும் கண்ணாடியை மெதுவாகத் துணியின் மேல் வைத்தீர். பிறகு கதவுப் பக்கம் பார்த்துவிட்டுச் சொன்னீர்: “கண்ணுக்கு முன்னாலை கறுத்த நூல் மாதிரி ஒண்டு ஆடிக்கொண்டு நிக்குது. சீனி வருத்தத்தாலை வாறதாம். டொக்டரிட்டைக் காட்டப் போனால் கண்ணுக்குள்ளை ஊசி குத்துவினம். எனக்கு ஏலாது. நீர் ஒருத்தருக்கும் சொல்லாதையும்.”

சொல்லவில்லை. அதுதான் நான் செய்த பிழை. உம்முடைய அவர் ஸ்கூட்டரைப் பறித்துவிடுவார், லண்டனில் இருக்கும் மகன் அங்கே கூட்டிப்போய்விடுவான், சனிக்கிழமைகள் போய்விடும் என்று நீர் பயந்தீர். எனக்கும் அந்தக் கடைசிப் பயம் இருந்தது என்பதை இப்போது ஒத்துக்கொள்கிறேன். ஸ்கூட்டரை விடும், நான் பஸ்ஸில் வாறன் என்று ஒருமுறை சொன்னதற்கு இரண்டு கிழமை நீர் என்னோடு சரியாகக் கதைக்கவில்லை. அதற்குப் பிறகு வாயை மூடிக்கொண்டேன்.

வாய்தான் மூடியது. மனம் அடங்கவில்லை. உரும்பிராயிலிருந்து என் வீட்டுக்கு வருவதென்றால் தண்டவாளத்தைக் கடக்க வேண்டும். எங்கள் ஒழுங்கைக்கு அருகில் உள்ள கடவையில் றோட்டை மறிக்கும் படலை கிடையாது. மணியும் சிவப்பு விளக்கும்தான். நீர் காது மூடிய தலைக்கவசம் போடுவீர். விளக்கு உமக்குத் தெரியுமா என்று கேட்க எனக்குத் துணிவில்லை. சனிக்கிழமை விடிந்தால் எனக்குச் சாப்பாடு இறங்காது. இரண்டரை மணியிலிருந்து சுவர்க் கடிகாரத்தையே பார்த்துக்கொண்டிருப்பேன். பிறகு வீட்டில் இருக்கவே முடியாமல் போய், ஏதாவது வாங்குவதுபோலக் கடவையடிக் கடைக்குப் போய் நிற்கத் தொடங்கினேன். நீர் பத்திரமாகக் கடந்ததைக் கண்டதும் குறுக்கு ஒழுங்கையால் ஓடி வந்து, வீட்டிலேயே இருந்தவள்போலக் கதவைத் திறப்பேன். எனக்கு ஏன் மூச்சு வாங்குகிறது என்று ஒருநாள் கேட்டீர். பிரஷர் என்றேன்.

இப்படி எட்டு மாதம். சித்திரையில் ஒருநாள் நான் கடையடியில் நிற்கும்போது மணி அடிக்கத் தொடங்கியது. றெயில் வருவது எனக்குத் தெரிந்தது. எதிர்ப்பக்கத்தில் நீர் வருவதும் தெரிந்தது. நீர் வேகத்தைக் குறைக்கவேயில்லை. நான் நடு றோட்டுக்கு ஓடிக் கையை வீசிக் கத்தினேன். என்ன கத்தினேன் என்று இன்றுவரை எனக்குத் தெரியாது. தண்டவாளத்துக்கு நாலைந்து முழம் இருக்கையில் நீர் பிறேக்கைப் பிடித்தீர். ஸ்கூட்டர் சறுக்கி விழுந்தது. அடுத்த கணம் நம் இருவருக்கும் இடையில் றெயில் போனது. பெட்டி பெட்டியாகப் போய்க்கொண்டேயிருந்தது. அந்தப் பக்கம் நீர் இருக்கிறீரா இல்லையா என்று தெரியாமல் நான் நின்ற அந்த நேரத்தின் நீளம் எவ்வளவு என்று எந்தக் கடிகாரத்தாலும் சொல்ல முடியாது.

றெயில் போனது. நீர் மண்ணில் இருந்தீர், வலது மணிக்கட்டைப் பிடித்தபடி. நான் வந்து பக்கத்தில் குந்தினேன்.

“நீர் ஏன் இங்கை நிக்கிறீர்?” என்று கேட்டீர்.

“கோதுமை மா வாங்க வந்தனான்.”

நீர் என் வெறுங்கையைத் தடவிப் பார்த்தீர். “ஒவ்வொரு கிழமையும் மா வாங்கினீரோ?” என்றீர். பிறகு என் தோளில் சாய்ந்து அழுதீர். நானும் அழுதேன்.

முறிந்த கைக்காகப் போன ஆஸ்பத்திரியில் கண்ணையும் பார்த்தார்கள். இடது கண்ணுக்கு இனிச் செய்ய ஒன்றுமில்லை, கொஞ்சம் முந்தி வந்திருந்தால் காப்பாற்றியிருக்கலாம் என்று டொக்டர் சொன்னபோது நான் சுவரைப் பார்த்துக்கொண்டிருந்தேன். வலது கண்ணுக்கு மாதம் ஒரு ஊசி. முதல் ஊசி போட்டுவிட்டு வெளியே வந்து, “நுளம்பு கடிச்ச மாதிரித்தான் கிடந்தது,” என்று சிரித்தீர். எனக்குச் சிரிப்பு வரவில்லை. ஒரு நுளம்புக் கடிக்குப் பயந்து எட்டு மாதமும் ஒரு கண்ணும் போய்விட்டதே.

அதற்குப் பிறகு இரண்டு வருடம் நான்தான் பஸ்ஸில் உரும்பிராய்க்கு வந்தேன். வலது கண் நின்று பிடித்தது. கொப்பியில் இருந்த இடைவெளிகளில் ஏழெட்டு நிரம்பின. பிறகு ஒரு மத்தியானம் சாப்பிட்டுவிட்டுப் படுத்த நீர் எழும்பவில்லை. நெஞ்சுதான் காரணம், கண் அல்ல என்று எல்லோரும் சொன்னார்கள். அதனால் எனக்கு ஆறுதல் வரும் என்று நினைத்துச் சொல்லியிருப்பார்கள்.

முப்பத்தோராம் நாள் அந்தியேட்டிச் சடங்கு முடிந்து சனம் கலைந்த பிறகு உம்முடைய அவர் என்னைக் கூப்பிட்டார். கதிரையில் இருக்கச் சொன்னார். நான் இத்தனை காலமும் பயந்த கேள்வியைக் கேட்டார்.

“தங்கச்சி, அவவின்ரை கண் விசயம் அவ விழ முந்தியே உமக்குத் தெரியுமோ?”

பொய் சொல்ல வாய் வந்தது. உம்முடைய படத்துக்கு முன்னால் அது ஏலவில்லை. “ஓம் அண்ணை,” என்றேன். “எட்டு மாசமாத் தெரியும்.”

திட்டட்டும் என்று காத்திருந்தேன்.

“எனக்கு ஒரு வருசமாத் தெரியும்,” என்றார். “தேத்தண்ணிக் கோப்பையை மேசைக்கு வெளியிலை வைச்சா. உடைஞ்சதைக் கூட்டி அள்ளினனான். கேட்டால் உடைஞ்சு போவா எண்டு பயந்து பேசாமல் இருந்திட்டன். சனிக்கிழமையிலை உமக்குப் போன் எடுக்கிறது அவ வந்து சேந்திட்டாவோ எண்டு அறியத்தான்.”

நீர் சலித்துக்கொண்ட அந்த மூன்றரை மணி அழைப்புகள்! ஒரே நேரத்தில் அவர் உரும்பிராயிலும் நான் கொக்குவிலிலும் ஒரே பயத்தை ஆளுக்கொரு மூலையில் வைத்துக்கொண்டு இருந்திருக்கிறோம். ஒரு வார்த்தை கதைத்திருந்தால் இருவருமாகச் சேர்ந்து உம்மை ஆஸ்பத்திரிக்கு இழுத்துக்கொண்டு போயிருப்போம்.

அல்பத்தை அவர் மகனுக்கு அனுப்பவில்லை. வந்து பார்த்துக்கொண்டு போம் என்றார். மாதத்தில் ஒரு சனிக்கிழமை போகிறேன். அவருக்கு எங்கடை ஆளைப் பற்றி ஒன்றும் தெரியாது. ஆனால் பக்கங்களை நான் திருப்பும்போது பக்கத்தில் இருந்து பார்க்கிறார்.

போன சனிக்கிழமை நான் போனபோது அவர் வீட்டுக்குள் இல்லை. வளவில் ஏணி வைத்து முருங்கையில் ஏறி நின்று காய் ஆய்ந்துகொண்டிருந்தார். எழுபத்தாறு வயது. கால் நடுங்குவது கீழே நின்ற எனக்குத் தெரிந்தது. முந்தி என்றால் ஏணியைப் பிடித்துக்கொண்டு, ஒன்றும் சொல்லாமல், மனதுக்குள் உம்மைக் கூப்பிட்டுக்கொண்டு நின்றிருப்பேன்.

“இறங்குங்கோ அண்ணை,” என்றேன்.

“இன்னும் ரெண்டு காய்தான்.”

“கால் நடுங்குது. எனக்குப் பயமாக் கிடக்கு. இறங்குங்கோ.”

அவர் மேலேயிருந்து என்னைப் பார்த்தார். கோபம் வந்ததோ தெரியாது. பிறகு ஒரு படி, ஒரு படியாக இறங்கி வந்து, “எனக்கும் பயமாத்தான் கிடந்தது,” என்றார்.