நான் கூப்பிட முடியாத பெயர்

பிள்ளையார்பாளையம்,
காஞ்சிபுரம்.
14-6-1968

சிரஞ்சீவி மகனுக்கு அம்மாவின் ஆசீர்வாதம். காமாட்சி புண்ணியத்தில் இங்கே எல்லோரும் நலம், காந்தாவும் பச்சைக் குழந்தையும் பூனா மழையில் எப்படி இருக்கிறார்கள் என்று எழுது. அப்பா முட்டிவலி குறைந்து மறுபடி தறியில் உட்கார்ந்துவிட்டார். கண்ணாயிரம் மாமாவுக்குக் கண்புரை ஆபரேஷன் ஆயிற்று. எனக்கு மட்டும் உன் கடிதம் வந்ததிலிருந்து வயிற்றெரிச்சல் அடங்கவில்லை.

போன வருஷம் காலமான தன் அம்மா பெயரைத்தான் பேத்திக்கு வைக்க வேண்டும் என்று அப்பா எழுதினார், நீயும் சரி என்றுவிட்டாய். அதோடு விட்டாயா, பெயருக்கு அர்த்தம் என்று எதுவும் கிடையாது, ஆளைச் சுட்டிக்காட்டும் வெறும் அடையாளம்தான், காலேஜில் அதைத்தான் ஆராய்ச்சி செய்கிறோம், எந்தப் பெயர் வைத்தால் என்ன என்று எனக்குப் பாடம் வேறு. அடையாளம் இல்லை என்று யார் சொன்னது? ஒரு கண்கூடச் சரியாகத் தெரியாதபோதும் மாமா கண்ணாயிரம்தான், அது எனக்கும் தெரியும். ஆனால் எந்தப் பெயர் வைத்தால் என்ன என்று எழுத உனக்கு எப்படியடா கை வந்தது? உனக்கு வைத்தது உன் தாத்தா பெயர். மாமனார் பெயரை மருமகள் வாயால் சொல்லவும் கூடாது, கையால் எழுதவும் கூடாது. அதனால் நான் பெற்ற பிள்ளையை ஒருநாளும் நான் பெயர் சொல்லிக் கூப்பிட்டதில்லை. டேய், இந்தாப்பா, பெரியவனே, என் வாய்க்குக் கிடைத்தது இவ்வளவுதான். இந்த உறைமேல் உன் பெயரைக்கூட அடுத்த வீட்டுச் சம்பூர்ணம்தான் எழுதித் தரப்போகிறாள்.

உன் சின்ன வயதில் கருடசேவைக் கூட்டத்தில் என் கையை விட்டுவிட்டுப் போனாயே, நினைவிருக்கிறதா? டேய், டேய் என்று தொண்டை கிழியக் கத்தினேன். யார் யார் பெற்ற பிள்ளைகளோ திரும்பிப் பார்த்தன, நீ திரும்பவில்லை. போலீஸ்காரர் பிள்ளையின் பெயரைக் கேட்கிறார், பக்கத்தில் மாமியார் நிற்கிறார், புருஷன் பெயராயிற்றே, அவரும் சொல்ல மாட்டார், எனக்கும் நாக்கு எழவில்லை. இன்னாம்மா, பெத்த புள்ள பேரு தெரியாதா என்று அத்தனை பேர் நடுவில் ஏசினார். கடைசியில் கூட வந்திருந்த சம்பூர்ணம்தான் உன் பெயரைச் சொல்லிக் கூவினாள், ஒரே குரலுக்கு ஓடிவந்து அவள் இடுப்பைக் கட்டிக்கொண்டாய். என்னையல்ல, அவளை. அர்த்தம் இல்லையாம்! அர்த்தம் இல்லாத ஒன்றுக்கா நான் இத்தனை வருஷம் வாயைக் கட்டிக்கொண்டு கிடந்தேன்?

இப்போது பேத்திக்கு மாமியார் பெயர். அவர் போய்ச் சேர்ந்தாலும் அதையும் நான் சொல்லக் கூடாது. அப்பாவிடம் கேட்டால், எங்கம்மா பேர வெக்கிறதுக்கு உன்ன இன்னா கேக்கிறது என்கிறார். அவருக்கு அவர் அம்மாமேல் ஆசை, அதில் எனக்குக் கோபமில்லை. பெயரில் ஒன்றுமே இல்லை என்று சொல்லிக்கொண்டே அதைத் தூக்கிக் கொடுத்தாயே, உன்மேல்தான் கோபம். வீட்டில் பாப்பா, கண்ணு என்று கூப்பிட்டுக்கொள் என்று எழுதிவிடாதே, தெருவில் இருக்கிற குழந்தையெல்லாம் பாப்பாதான். எந்தப் பெயரானாலும் உனக்கு ஒன்றுதானே, அப்படியானால் வேறு ஒன்றை வை. அப்பாவுக்கு நீயே எழுது, நான் சொன்னதாக எழுதாதே.

காந்தாவைப் பச்சைத் தண்ணீரில் கை வைக்க விடாதே, பூண்டு நிறையச் சேர்த்துக்கொள்ளச் சொல். நீயும் வேளைக்குச் சாப்பிடு. மூன்று பேரும் நோய்நொடி இல்லாமல் நன்றாக இருக்க வேண்டும். வேறு பெயர் என்றால் உடனே தந்தி அடி, அப்பாவை இழுத்துக்கொண்டு ரயிலேறுகிறேன். இல்லையென்றால் பெயர் சூட்டுகிற அன்றைக்கு என்னை எதிர்பார்க்காதே. வந்தவர்களெல்லாம் குனிந்து குழந்தையின் காதில் பெயரைச் சொல்லும்போது, நான் மட்டும் அதன் முகத்தைப் பார்த்துக்கொண்டு ஊமையாக நிற்க மாட்டேன்.

இப்படிக்கு,
உன்னைப் பெற்றவள்,
ரேணுகாம்பாள்