தாயின் தொழில் என்ற இடம்

விடத்தல்தீவு
03.06.2024

அன்பு மகள் டிலோஜினிக்கு,

அம்மா எழுதுறது. எல்லாரும் சுகம். உன்ர அப்பர் போனைக் கடலுக்குக் குடுத்திட்டார், அதால என்ர அஞ்சாம் வகுப்பு எழுத்தை நீ வாசிக்கத்தான் வேணும்.

நீ அனுப்பின விண்ணப்பத்தில் கையெழுத்து வைச்சு இதோட அனுப்பிறன். உன்ர கம்பஸ்காரர் கட்டுக்கரைப் பக்கம் ஒரு மாதம் பழங்காலத்து மண்ணைக் கிண்டச் சாப்பாடும் பஸ் காசும் குடுத்து, உதவித்தொகையும் தருவினமாமே! கிடைக்காட்டி லீவுக்குப் புடவைக்கடையில் வேலைக்கு நிக்கோணும் எண்டும் எழுதியிருக்கிறாய். முற்றம் கூட்டச் சொன்னால் இடுப்பு நோகிற பிள்ளைக்கு வந்த ஆசையைப் பார்!

ஒண்டு சொல்லோணும். தாயின் தொழில் எண்ட இடத்தில் 'வீட்டுப்பணி' எண்டு எழுதியிருந்தாய். நான் எப்பயடி வீட்டில் இருந்தனான்? அதை வெட்டிப்போட்டு 'கருவாடு போடுதல்' எண்டு எழுதினன். பக்கத்தில் சின்னக் கையெழுத்தும் வைச்சனான். ஊர்க் கடுதாசியளில் பிழை விட்டால் விதானையார் அப்பிடித்தான் செய்யிறவர்.

முத்தங்களோட,
அம்மா


யாழ்ப்பாணம்
10.06.2024

அம்மா,

'வெட்டித் திருத்திய விண்ணப்பங்கள் ஏற்கப்படாது' என்று மேலேயே போட்டிருக்கு. வேறு படிவம் எடுக்க நேரமில்லை. அப்படியே குடுத்தன். இனிப் புடவைக்கடைதான். இப்ப சந்தோசமோ?

டிலோஜினி


யாழ்ப்பாணம்
02.07.2024

என் அன்பு அம்மா,

வெட்டு இருந்தும் நேர்முகத்துக்குக் கூப்பிட்டவை. முதல் கேள்வியே அந்த வெட்டுத்தான். "நான் பொய் எழுதினனான், அம்மா திருத்தினவ" என்று சொல்லிப்போட்டன். பிறகு ஒரு மேடம், "அகழ்வுக் குறிப்பேட்டில் பிழை விட்டால் என்ன செய்வீர்?" என்று கேட்டா. "அழிக்க மாட்டன் மேடம். பிழை தெரியிற மாதிரி வெட்டிப்போட்டு, பக்கத்தில் கையெழுத்து வைப்பன்" என்றன். "அதுதான் முறை" என்று சிரிச்சா.

கிடைச்சிட்டுது அம்மா! இருபத்திரண்டு பேரில் மூன்று பேருக்கு. அடுத்த கிழமை தொடக்கம்.

நான் எழுதினது பிழை. மன்னியுங்கோ.

டிலோஜினி


விடத்தல்தீவு
08.07.2024

என்ர செல்ல மகளுக்கு,

உன்ர கடிதத்தைக் கருவாட்டுப் பந்தலில் சத்தமாய் வாசிச்சனான். "கம்பஸ் படிச்சும் மண் வெட்டவோ?" எண்டாள் பக்கத்தில் மீன் கீறின றஞ்சிதா. "ஓமடி, என்ர பிள்ளையைத் தெரிவுசெய்து கூப்பிட்டிருக்கினம். உன்ர மனுசனை வேலிக்குக் குழி வெட்டக் கூப்பிட்டாலும் வராது" எண்டன். பந்தலே சிரிச்சுது.

நீ ஏன் அப்பிடி எழுதினாய் எண்டு எனக்கு அப்பவே தெரியும். பள்ளிக்கூடத்தில் கருவாட்டு மணம் எண்டு உன்ர பையை மோந்து பார்த்த பெட்டையளை நான் மறப்பனோ? மன்னிப்பெல்லாம் கேட்காதே, அழுகை வருது. அழுதால் மீனுக்கு உப்புக் கூடிப்போகும்.

ஞாயிறு பூசை முடிய அடம்பன் பஸ்ஸில் கட்டுக்கரைக்கு வாறன். குழிக்குக் கிட்ட வரமாட்டன், றோட்டில் நிண்டு பாக்கிறன். வெயிலுக்கு வெள்ளைத் தொப்பி போட்டால் எல்லாரும் ஒருமாதிரித்தான் தெரிவியள். நீயாய் நிமிர்ந்து "அம்மா" எண்டு ஒருக்கால் பலத்துக் கூப்பிடு. எல்லாருக்கும் கேட்கட்டும்.

உன்ர அம்மா,
பெற்றிசியா