துணைத் தேர்வு, ஆகஸ்ட் பதினான்கு

ஜூன் 3

கண்ணு,

போனில் சொன்னால் பாதியிலேயே "மீட்டிங் இருக்கும்மா" என்று வைத்துவிடுவாய். அதனால் உட்கார்ந்து எழுதுகிறேன். என் பட்டப் படிப்பில் புள்ளியியல் தாள் போய்விட்டது. நாற்பத்தெட்டு. ஐம்பது எடுத்தால் பாஸ். மற்ற ஐந்து தாளிலும் அறுபதுக்குக் குறையவில்லை.

ரிசல்ட் வந்ததே நான்கு நாள் கழித்துத்தான் தெரிந்தது. பல்கலைக்கழகம் கொடுத்த மெயிலுக்கு அனுப்பினார்களாம். அந்த மெயிலை யார் திறக்கிறார்கள்? இருபத்திரண்டு வருஷமாக ஆஸ்பத்திரி லேபில் ரத்தம் பார்க்கிறேன். ஒரு ரிப்போர்ட்டாவது நோயாளி கைக்குப் போகாமல் விட்டிருப்பேனா?

உன் அப்பா ஆறுதல் சொல்கிறார்: "ரெண்டு மார்க்தானே, நேர்ல போய்க் கேட்டா போட மாட்டாங்களா?" காய்கறிக் கடையில் கொசுறு கேட்கிற மாதிரி.

நீ ஒரு பல்கலைக்கழகத்தின் தேர்வுப் பிரிவில்தானே உட்கார்ந்திருக்கிறாய்? துணைத் தேர்வு என்கிறார்களே, அது எனக்குக் கிடைக்குமா என்று உடனே எழுது. இந்த வயிற்றோடு சும்மா சும்மா மாடிப்படி ஏறாதே.

உன் அம்மா


ஜூன் 7

அன்புள்ள அம்மா,

கிடைக்கும், கவலைப்படாதே. நாற்பத்தைந்துக்குமேல் எடுத்து, ஒரே ஒரு தாளில் மட்டும் தவறியவர்களுக்குத்தான் துணைத் தேர்வு. ரிசல்ட் வந்து பத்து வேலை நாளுக்குள் விண்ணப்பம் போய்ச் சேர வேண்டும். துறைத் தலைவர் கையெழுத்து முக்கியம். மார்க் ஷீட் அசல் வேண்டும், நகல் ஆகாது. இங்கே ஒவ்வொரு வருஷமும் நகலை வைத்துவிட்டு வந்து அழுகிறவர்கள் உண்டு. அப்படியே திருப்பி அனுப்பிவிடுவோம்.

ஆகஸ்ட் இரண்டாவது வாரத்தில் குழந்தை பிறக்கும் என்கிறார் டாக்டர். உன் மாப்பிள்ளையின் கப்பல் செப்டம்பரில்தான் கரைக்கு வரும். நீ முதல் வாரமே வந்துவிடு. லீவு எழுதிக் கொடுத்தாயா?

உன் மகள்


ஜூன் 21

கண்ணு,

விண்ணப்பம் கொடுத்துவிட்டேன். கொடுத்த கதையைக் கேள்.

துறைத் தலைவர் லீவு. அவர் இடத்தில் இருந்தவர், "எனக்குக் கையெழுத்துப் போடற அதிகாரம் இல்லீங்க" என்றார். யாருக்கு இருக்கிறது என்றேன். "அவர் வந்ததும் அவரையே கேளுங்க" என்றார். வீட்டு விலாசம் கண்டுபிடித்துப் போனேன். காரில் ஏறப் போனவரை மறித்து, கார்மேலேயே வைத்துக் கையெழுத்து வாங்கினேன். எடுத்துக்கொண்டு ஓடினால் கவுண்டரில் இருந்த பெண் உதட்டைப் பிதுக்குகிறாள்.

"இது பழைய படிவம்."

"புதுசு எங்கம்மா?"

"இன்னும் அச்சாகி வரல."

"அப்போ நான் என்ன செய்யறது?"

"பழசுலேயே மேல 'புதியது'ன்னு எழுதிடுங்க."

எழுதினேன். வாங்கிக்கொண்டாள்!

இனிதான் தலைவலி. தேர்வு ஆகஸ்ட் பதினான்கு, காலை பத்து மணி. மகள் பிரசவம், நாலு நாள் முன்னே பின்னே வையுங்கள் என்று எழுதிக் கொடுத்தேன். இரண்டே வரியில் பதில்: "துணைத் தேர்வே ஒரு சலுகை. சலுகைக்குள் சலுகை இல்லை." எந்த மகராசன் எழுதினானோ, அவன் நன்றாக இருக்கட்டும்.

என்ன செய்யலாம், சொல்.

உன் அம்மா


ஜூன் 27

அன்புள்ள அம்மா,

அந்த மகராசன் நான்தான். மூன்று வருஷத்துக்கு முன் எல்லாப் பல்கலைக்கழகங்களுக்கும் பொதுவாக ஒரு பதில் கடிதம் தயார் செய்யச் சொன்னார்கள். அந்த வரியை எழுதியதற்குக் கை தட்டினார்கள். தேதியை மாற்ற மாட்டார்கள் என்று அதனால்தான் உறுதியாகச் சொல்கிறேன். ஒருவருக்கு மாற்றினால் நாற்பது பேர் வந்து நிற்பார்கள்.

நீ எழுத வேண்டாம். அடுத்த வருஷம் பார்த்துக்கொள்ளலாம். எனக்கு இங்கே யாரும் இல்லை. பக்கத்து வீட்டுக்காரர்கள் முகம்கூடத் தெரியாது. இரண்டு மார்க்குக்காக என்னைத் தனியாக விடப்போகிறாயா? ஐம்பத்தொரு வயதில் அந்தப் பட்டத்தை வைத்துக்கொண்டு என்ன செய்யப் போகிறாய்?

உன் மகள்


ஜூலை 5

கண்ணு,

உன் கடிதத்தை மூன்று தரம் படித்தேன். மூன்று தரமும் கடைசி வரியில் வயிறு எரிந்தது.

அடுத்த வருஷம் என்றால் தேர்வு மட்டும் இல்லை, வகுப்பிலும் முழு வருஷம் திரும்ப உட்கார வேண்டும். உனக்குத் தெரியாத விதியா? அதற்குள் லேப் பொறுப்பு இருபத்தாறு வயதுப் பெண் ஒருத்திக்குப் போய்விடும். நல்ல பெண்தான். அவளுக்கு ஊசி பிடிக்கக் கற்றுக்கொடுத்தவளே நான். பட்டம் இல்லை என்று ஏற்கெனவே மூன்று முறை என்னைத் தாண்டிப் போயிருக்கிறார்கள். மூன்று முறையும் நான் சிரித்துக்கொண்டே கை கொடுத்தேன்.

பள்ளியில், கல்லூரியில், வேலைக்கு எழுதியபோது, உன் ஒவ்வொரு தேர்வுக்கும் வாசலில் வெயிலில் நின்றவள் நான். சொல்லிக்காட்டுவதாக நினைக்காதே. இல்லை, சொல்லிக்காட்டத்தான் செய்கிறேன்.

பதினான்காம் தேதி எழுதுவேன். தேர்வு விட்டதும் கிடைக்கிற முதல் பஸ்ஸில் கிளம்புவேன். அதுவரை உன் அப்பா வந்து இருப்பார். சிரிக்காதே. சோறு வைக்கப் பழகிக்கொண்டிருக்கிறார்.

உன் அம்மா


ஆகஸ்ட் 9

அம்மாவுக்கு,

அப்பா வந்து சேர்ந்தார். நீ எழுதிக் கொடுத்த குறிப்பைச் சுவரில் ஒட்டி, வாய்விட்டுப் படித்துச் சமைக்கிறார். நேற்று உப்பு இரண்டு தடவை விழுந்துவிட்டது. முதல் தடவை போட்டது மறந்துவிட்டதாம்.

தேர்வை நன்றாக எழுது. வேறு ஒன்றும் இல்லை.

மகள்


செப்டம்பர் 22

அன்புள்ள அம்மா,

பாப்பா நன்றாக இருக்கிறாள். அவள் அப்பா விரலை விட மாட்டேன் என்கிறாள். நீ பஸ் ஏறிப் போய் ஒரு வாரம் ஆகிறது. இங்கே இருந்த ஒரு மாதமும் தினமும் சொல்ல வாயெடுத்தேன், வரவில்லை.

பதினான்காம் தேதி காலை எட்டரைக்கு வலி எடுத்தது. தேர்வு முடிந்த பிறகுதான் அப்பா உனக்குச் சொன்னார். பத்தே முக்காலுக்குக் குழந்தையின் இதயத் துடிப்பு குறைகிறது, உடனே ஆபரேஷன் என்றார்கள். உன் போன் அணைந்திருந்தது. ஆனால் உங்கள் தேர்வுப் பிரிவின் எண் என் போனில் இருந்தது. ஒரு வார்த்தை சொன்னால் ஹாலில் இருந்து உன்னை எழுப்பி அனுப்பியிருப்பார்கள். அந்த எண்ணை எடுத்து அப்பாவிடம் கொடுத்தேன்.

"அம்மாவை உடனே வரச் சொல்லுங்கப்பா."

அப்பா போனை வாங்கிச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டார். "ஒரு மணிக்குத்தான் முடியும். அதுவரைக்கும் நான் இருக்கேன்."

"எனக்குப் பயமா இருக்குப்பா."

"எனக்கும்தான். அவ எழுதட்டும்."

பிறந்ததில் இருந்து அவர் எனக்கு எதையும் மாட்டேன் என்று சொன்னதில்லை. அன்றிலிருந்து அவரோடு நான் சரியாகப் பேசவில்லை. நீ கவனித்திருப்பாய். தையல் வலி என்று நினைத்திருப்பாய்.

அம்மா, நீ வர ஏழு மணி நேரம் ஆகும். அதற்குள் எல்லாம் முடிந்திருக்கும். அது எனக்கு அப்போதே தெரியும். தெரிந்துதான் கூப்பிடச் சொன்னேன். நீ எழுந்து வருகிறாயா என்று பார்க்க நினைத்தேன்.

பாப்பா அழுகிறாள், போகிறேன்.

உன் மகள்


அக்டோபர் 6

கண்ணு,

பாஸ். ரிசல்ட் தெரிந்துகொள்ள மூன்று தரம் அலைந்தேன். முதல் தரம் கம்ப்யூட்டர் ஓடவில்லை, இரண்டாம் தரம் அந்தக் கவுண்டர்ப் பெண் ஓடவில்லை. மூன்றாம் தரம் மார்க் ஷீட்டைக் கையில் கொடுத்தாள். பார்த்தால் சரியாக ஐம்பது. இவ்வளவு எழுதியும் தப்பித்துப் பிழைத்த மாதிரியா என்று முகம் சுண்டிவிட்டது. அவளுக்கே பாவமாகத் தோன்றியதோ என்னவோ, திரையை என் பக்கம் திருப்பிக் காட்டினாள். எழுபத்து மூன்று! துணைத் தேர்வில் எவ்வளவு எடுத்தாலும் ஐம்பதுதான் போடுவார்களாம். என்ன விதியோ, உங்களுக்குத்தான் வெளிச்சம். அங்கேயே ஒரு பாட்டம் சண்டை போட்டுவிட்டு வந்தேன். லேப் பொறுப்புக்கு இன்று காலை மனு கொடுத்தாயிற்று.

உன் கடிதம் வந்து பத்து நாளாகிறது. மேஜை முன்னால் இரண்டு முறை பேனாவோடு உட்கார்ந்து எழுந்துவிட்டேன்.

கூப்பிட்டிருந்தால் வந்திருப்பேன். எந்தக் கேள்வியில் இருந்தேனோ அதை அப்படியே விட்டுவிட்டு ஓடி வந்திருப்பேன். நீ அதைச் சந்தேகப்பட்டாய் என்பது வலிக்கிறது. ஆனால் வந்திருந்தால், உன் பெண்ணைத் தூக்குகிறபோதெல்லாம் அந்தப் பாதித் தாள் என் கண்முன் நின்றிருக்கும். உன்மேல் எனக்கு ஒரு கசப்பு ஒட்டிக்கொண்டிருக்கும். வாய்விட்டுச் சொல்லியிருக்க மாட்டேன், சாகும்வரை சொல்லியிருக்க மாட்டேன்.

உன் அப்பா இதைப்பற்றி இன்றுவரை மூச்சு விடவில்லை. எதிரே உட்கார்ந்து பேப்பர் படிக்கிறார். நானும் கேட்கப்போவதில்லை. அந்த ஆஸ்பத்திரி நடையில் தனியாக நின்றுகொண்டு அவர் எப்படி இரண்டு மணி நேரம் தாங்கினார் என்றுதான் எனக்கு விளங்கவில்லை.

ஞாயிற்றுக்கிழமை முழுக்க வீட்டில்தான் இருப்பார். என்னோடு பேச வேண்டாம். அவரைக் கூப்பிடு.

உன் அம்மா